முந்தின உத்திரம்

அன்று சாஸ்தா கோயிலில் இருந்தது அப்பா, அம்மா, தங்கச்சி, நான். வந்திருக்க வேண்டிய பெரியப்பா இல்லை. அவர் வீட்டு ஆட்கள் ஒருவரும் இல்லை. பங்குனி உத்திரமென்றால் எங்கள் பக்கம் வண்டி பிடித்து அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போவார்கள். கூட்டத்தில் பொங்கலிட இடம் கிடைக்காது. அன்று குளத்தங்கரையில் ஓர் எருமை மட்டும் நின்றது.

நாள் பார்த்துச் சொன்னது நான்தான். வீட்டுப் பாகப்பிரிவினையில் அப்பாவும் பெரியப்பாவும் முட்டிக்கொண்டு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. பெரியப்பாதான் இறங்கி வந்து, உத்திரத்துக்குத் தம்பியை வரச்சொல் என்று ஆளிடம் சொல்லிவிட்டிருந்தார். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்.

"ஏலே, உத்திரம் என்னைக்குன்னு பாரு."

அந்த வாரம்தான் பள்ளியில் நடத்தியிருந்தார்கள்: பௌர்ணமி சேரும் நட்சத்திரமே மாதத்துக்குப் பெயர். விசாகம் வைகாசியானது. உத்திரத்துக்கு வடமொழியில் உத்தர பல்குனி. அந்தப் பல்குனிதான் பங்குனி. காலண்டரைப் புரட்டினேன். மாதம் பிறந்த மறுநாளே பௌர்ணமியும் உத்திரமும் சேர்ந்திருந்தன. அதற்குமேல் புரட்டவில்லை. விளக்கத்தோடு சொன்னேன். அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள்.

பூசாரி துண்டை உதறிக்கொண்டு வந்தார். "என்னவே, இன்னைக்கே வந்து நிக்கீரு? ஒரு மாசத்துல ரெண்டு உத்திரம் வந்தா பிந்துனதுதாம்வே திருவிழா. இன்னும் இருவத்தேழு நாளு கெடக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "விடுலே. ஆட்டோ வாடகைதான் போச்சு."

பிந்தின உத்திரத்தன்று அப்பா வேலை பார்த்த பேட்டைப் பட்டறையில் அவசர வேலை. முதலாளி இன்னொரு லீவு தரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போனது, ஒன்பது வருஷம் கழித்து, அவர் செத்துத் தூக்கும் அன்று. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த உத்திரத்தன்னைக்கு வெளக்கு வைக்கிற வரைக்கும் ஒங்க பெரியப்பா சோத்துல கை வைக்கலய்யா. தம்பி வந்துருவான், வந்துருவான்னே உக்காந்திருந்தாவ."

நாளைத் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தால் போதும். ஆனால் யார் பார்த்தது என்ற கேள்வி வந்திருக்கும். பிள்ளை படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அப்பா.

பத்து வயதில் எனக்கு இது எட்டவில்லை. அப்பா சொன்ன கணக்கையே நம்பினேன்: நஷ்டம், ஆட்டோ வாடகை முந்நூற்றைம்பது ரூபாய்.