ராகுகாலத்துக்கு முன் ஒரு கையெழுத்து

வெரிபீயில் இருந்த எங்கள் வீட்டை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. மனைவிக்கு சிட்னி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, மகளோடு அங்கேயே பிளாக்டவுனில் வாடகைக்கு இருந்தாள். நான் இங்கே ஒண்டிக்கட்டை. வீடு விற்றால்தான் அவர்களோடு போய்ச் சேர முடியும்.

த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், லைசென்ஸ் வாங்கிய வீட்டு ஏஜென்ட். விஷயம் கேள்விப்பட்டுத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை காலை ஒப்பந்தத்தோடு வந்தார். ஒன்பது மணிக்கு ராகுகாலம். நான் அவசரமாக விளக்கேற்றி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பேனாவுக்குக் கை நீட்டினேன். நம்ம ஆள்தானே, படித்துப் பார்க்க என்ன இருக்கிறது!

அவர் பேனாவைத் தரவில்லை. "இருங்கோ தம்பி. முதல்ல நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறன்."

கடிகாரத்தைக் காட்டினேன். மனுஷி அசைந்துகொடுக்கவில்லை.

"நான் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட். ஆனா இதில நான் உங்கட ஏஜென்ட் இல்லை, வாங்குற ஆள். இந்த வீட்டில நான் இருக்கப்போறதும் இல்லை. நீங்கள் கையெழுத்து வச்ச ஒப்பந்தத்தை இன்னொருத்தருக்குக் கூட்டின விலைக்கு மாத்திக் குடுப்பன். இடையில வாற லாபம் எனக்கு. வெளியில வித்தா உங்களுக்குக் கூடக் கிடைக்கலாம். லோயரிட்டக் காட்டிப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டை வைத்து என்னிடமே வியாபாரமா? அவர் மறுபடி மறுபடி விளக்கினார். அப்புறம்தான் உறைத்தது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எனக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்காது.

ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சட்டம் அப்படி, லைசென்ஸ் இருப்பவர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார், தேநீரை ஆற்றியபடி. சரி, சட்டம்தான். அதற்காக என் மரமண்டையில் ஏறும்வரை, தமிழில், அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்களா? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்று கேட்டு வளர்ந்தவன் நான். கைக்கு வந்த லாபத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அம்மாடி, மெய்சிலிர்த்துவிட்டது.

அதற்குள் ஒன்பது தாண்டிவிட்டது. இனிக் கையெழுத்து வேண்டாம் என்று அவரே ஒப்பந்தத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போட்டு வாறன் என்று கிளம்பினார்.

மனைவிக்குப் போன் செய்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். நான் எப்போது வருவேன் என்று தினமும் கேட்கிறவள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"அவசரம் வேண்டாங்க. நானும் பாப்பாவும் இன்னும் கொஞ்ச நாள் தனியா இருந்துக்கறோம்," என்றாள். "அந்த அக்காவையே நமக்கு ஏஜென்ட்டா இருந்து வித்துத் தரச் சொல்லுங்க."