ரெட்டாவிடம் மட்டும் சொன்னது

மார்லா டாக்கெட் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவள். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை அவளைப் பிடித்துக்கொண்டது. அந்த மாத்திரைக்காகப் பெற்ற தாயிடமே பொய் சொல்லித் திரிந்த நாலு வருஷங்கள் அவளுக்கு உண்டு. கென்டக்கி மலைப்பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். அவளை அதிலிருந்து மீட்டது அக்கா ரெட்டாதான். மாத்திரைகளை ஓடையில் கொட்டிவிட்டு, வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தவளின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சிகிச்சை நிலையத்தில் சேர்த்தாள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மருந்தை அங்கே கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக மார்லா வேறெதையும் தொடவில்லை.

கரு உண்டானதும் அந்த மருந்தை நிறுத்திவிடவா என்று கேட்டாள். திடீரென்று நிறுத்தினால்தான் பிள்ளைக்கு ஆபத்து, தொடர்ந்து எடுத்தால் பிள்ளை பிறந்தபின் சில நாள் நடுங்கும், அதைச் சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர். பிள்ளையின் தகப்பன் எண்ணெய்க் குழாய் வேலைக்கு டெக்சாஸ் போனவன், போனவன்தான்.

சிகிச்சை நிலையத்தில் இவளுக்கென்று இருந்த ஆலோசகர் திருமதி காம்ஸ். பிறக்கப்போகும் பிள்ளைக்கான பாதுகாப்புத் திட்டத்தை இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். எங்கே தூங்கும், எந்த டாக்டர் பார்ப்பார், தாய்க்கு முடியாவிட்டால் யார் வருவார். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம், ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை ஒழுங்காக எடுக்கும் தாய்மீது அது குற்றச்சாட்டு ஆகாது என்று அவர் விளக்கினார். துணைக்கு யார் என்ற இடத்தில் மார்லா யோசிக்காமல் அக்காவின் பெயரை எழுதினாள்.

ஐந்தாம் மாதத்தில் அம்மா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து அறையை ஒழித்தபோது மேசை இழுப்பறையில் அம்மாவின் வலி மாத்திரை இருந்தது. மார்லா ஒன்றை விழுங்கிவிட்டாள். மறுநாள் காலையில் அக்காவின் சமையலறையில் போய் நின்றாள். ரெட்டா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள். வீட்டிலும் கை சும்மா இருக்காது. பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தபடியே கேட்டுக்கொண்டாள்.

“ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். மிச்சத்தக் கக்கூஸ்ல கொட்டிட்டேன். காம்ஸ் அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடுறேன்க்கா.”

“எதுக்கு? ஒண்ண ஒன்பதா எழுதிக்குவாங்க. விடு. இது இந்த அடுப்படியத் தாண்டாது.”

மார்லா விட்டுவிட்டாள்.

மார்ச் மாதம் ஐவி பிறந்தாள். இரண்டாம் நாளே நடுக்கம் தொடங்கியது. கீச்சுக்குரலில் ஓயாமல் அழுதாள், பாலைக் கக்கினாள். விளக்கை மங்கலாக்கி, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைத்திருக்கச் சொன்னார்கள். பகலில் பாதி நேரம் ரெட்டா வைத்திருந்தாள். மூன்று முறை கரு கலைந்தவள் அவள். பிள்ளையை ஏந்தியிருந்த அந்த முகத்தைப் பார்க்கையில் மார்லாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் நடுக்கம் தணிந்தது. ஆறாம் நாள் அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டார். கோர்ட்டில்தான் மார்லா காரணத்தைப் படித்தாள். கருவுற்ற ஐந்தாம் மாதத்தில், இறந்த தாயின் வலி மாத்திரைகளைத் திருடி உட்கொண்டாள் என்றிருந்தது. சொன்னவர் பெயர் இல்லை. இரண்டு வரி கீழே, குழந்தையை ஏற்க உறவினர் ரெட்டா ஸ்டம்போ தயார் என்றிருந்தது.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ரெட்டா சர்ச்சுக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்க்கா.”

“தெரியும்.” ரெட்டா நிமிரவில்லை. “அது கத்துன கத்து உனக்குக் கேட்டுச்சா மார்லா? கையில வச்சிருந்தது நான். தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லணும்னு சட்டம் இருக்கு.”

“அன்னிக்கு நானே சொல்றேன்னுதானே வந்தேன். நீதானே வேணாம்ன.”

“அன்னிக்குப் புள்ள பொறக்கல.”

“மாத்திரைகள்னு எழுதியிருக்கு. ஒண்ணுதான்னு உனக்குத் தெரியும்.”

“அவங்க எழுதினதுக்கு நான் என்ன பண்றது?” என்று கைப்பையை மூடினாள் ரெட்டா.

பத்து மாதம் ஐவி ரெட்டாவின் வீட்டில் வளர்ந்தாள். வாரம் இருமுறை, அதிகாரி ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அலுவலக அறையில் ஒரு மணி நேரம் மார்லா மகளைத் தூக்கி வைத்திருந்தாள். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை கொடுத்தாள். ஒன்றில்கூடக் குறை வரவில்லை. திருமதி காம்ஸ் ஒவ்வொரு விசாரணைக்கும் திட்டக் காகிதத்தோடு வந்தார். நடுக்கம் டாக்டர் கொடுத்த மருந்தால் வந்தது, சட்டம் கேட்பது தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை, அது இதோ இருக்கிறது என்றார். மார்லாவிடம் தனியே ஒருமுறை மட்டும், என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். கடைசியில் பிள்ளையைத் தாயிடமே விடச்சொல்லி நீதிபதி உத்தரவிட்டார்.

அழைத்துவரப் போன அன்று ரெட்டாவின் கணவர் டுவெய்ன், மரத்தொட்டிலையும் எடுத்துப் போ என்று திருப்புளியோடு வந்தார். வெள்ளை மனசுக்காரர். அங்கிருந்த இறுக்கத்தைப் போக்க ஏதாவது பேச நினைத்தார் போலும்.

“இதக் கழட்டுறதுக்குள்ள எனக்குக் கெழடு தட்டிரும் பாரு. போன வருஷம் ஜனவரில மாட்டும்போதே பாதி உசுரு போச்சு.”

“போன வருஷம் ஜனவரியிலயா?” என்றாள் மார்லா.

அவர் மனைவியைப் பார்த்தார். ரெட்டா ஐவியின் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மார்ச்சில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு முந்தைய ஜனவரியிலேயே அந்த வீட்டில் தொட்டில் போட்டாகிவிட்டது. பிள்ளை கத்தியதால் மனம் தாங்காமல் சொன்னாள் என்று பத்து மாதமாக மார்லா அக்காவுக்காகத் தனக்குத்தானே வாதாடி வந்திருந்தாள். அந்த ஒரு சமாதானமும் போயிற்று. தொட்டில் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த ஐவி பகல் தூக்கத்துக்குப் படுக்க மறுத்தாள். கதவைப் பார்த்துக் கைகளை நீட்டி அழுதாள். மார்லா தோளில் போட்டு நடந்தாள், பாடினாள், பால் புகட்டினாள். மூன்றாம் நாள் பிற்பகல், அழுது அழுது பிள்ளைக்குக் குரல் கம்மியபோது போனை எடுத்தாள்.

“எப்படித் தூங்க வைப்ப?”

ரெட்டா சொன்னாள். “சுவரப் பாத்தாப்ல ஒருக்களிச்சுப் படுக்க வை. முதுகுல தட்டாத, தேய்ச்சு விடு. பாடக் கூடாது, சும்மா உம்முனு முனகணும்.” சொல்லி முடித்து, “நான் வரட்டுமா?” என்றாள்.

“வேணாம்” என்று வைத்துவிட்டாள் மார்லா.

அக்கா சொன்னபடியே செய்தாள். பிள்ளை தூங்கிப்போனது.