தறிக்கொட்டிலில் சார்ஜ் ஏறிய பெற்றரிகள்

என் மூத்த சகோதரியின் கணவரை நான் வெறுத்தேன். அந்த வெறுப்பை மறைக்க ஒருநாளும் முயன்றதில்லை. விவாதப் போட்டிகளில் எதிரணியின் முகத்துக்கு நேரே நின்று மறுக்கப் பழகியவன் நான். வீட்டுக்குள் மட்டும் வேறொருவனாக இருக்க என்னால் முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் சவூதியிலிருந்து மருதமுனைக்குத் திரும்பினார். கூடவே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், கார் பெற்றரிகளுக்கு மின்னேற்றும் சார்ஜர் ஒன்றும் வந்தன. ஊருக்கு ஊர் தொலைக்காட்சி புகுந்துகொண்டிருந்த காலம் அது. மின்சாரம் எல்லா வீடுகளுக்கும் எட்டியிருக்கவில்லை; எட்டாத வீடுகளில் கார் பெற்றரியில்தான் பெட்டி ஓடியது. ஆகவே இறக்காமப் பக்கத்து வயற்காரர்கள்கூடப் பெற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார்கள். மச்சான் ஒரே மாதத்தில் ஊர் அறிந்த மனிதராகிவிட்டார்.

அவர் பெற்றரிகளை அடுக்கிய இடம்தான் என் முதல் குற்றச்சாட்டு. ராத்தா என்று நான் கூப்பிடும் அந்தச் சகோதரி கைத்தறி நெய்யும் கொட்டில். அந்த வீடும் கொட்டிலும் ராத்தாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டவை. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். உம்மாவும் வாப்பாவும் நானும் அதே வளவின் பின்புறத்துச் சிறுவீட்டுக்கு ஒதுங்கியிருந்தோம். கொட்டிலில் பூட்டு இருந்தது, பிளக் இருந்தது, மச்சானுக்கு அது போதும். தறிக்கு ஆறடி தள்ளி எட்டுப் பெற்றரிகள் இரவும் பகலும் நுரைத்துக்கொண்டிருந்தன.

அதைவிடப் பெரிய மடமை, அவர் யன்னல்களை அடைத்தது. கடற்காற்றில் உப்பு ஏறிச் சார்ஜர் கிளிப்புகள் துருப்பிடித்துவிடுமாம். உப்புக்குப் பயந்த அந்த மனிதர், பெற்றரிகள் கக்கிய அமிலப் புகையை ராத்தாவோடு சேர்த்துப் பூட்டிவைத்தார். தண்ணீர் மட்டம் பார்க்க நெருப்புக்குச்சியைக் கிழித்துத் துளைக்கு மேலே பிடிப்பார். ஒருநாள் மூடியொன்று வெடித்துக் கூரையோட்டில் மோதியது. அமிலம் தெறித்த கையைக் கிணற்றடியில் கழுவிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"அது ஐதரசன் வாயு. ஒரு பொறி போதும், கொட்டிலே பறக்கும்" என்றேன்.

"பேச்சாளர் வந்திட்டார்" என்றார், சைக்கிளோடு நின்றவர்களைப் பார்த்து. "மைக் வேணுமா மச்சான்? பெற்றரிக்குப் பஞ்சமில்ல, பூட்டித் தாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சில கிழமைகளில், ராத்தாவுக்கு நூல் கொடுத்துச் சாரன் என்கிற கைலிகளை நெய்து வாங்கும் முதலாளி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சாரன். விரித்துப் பிடித்தார், வெயில் அதனூடாகப் புள்ளி புள்ளியாக நிலத்தில் விழுந்தது.

"இது சாரனா புள்ள, கரவலையா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உடுத்திட்டுப் போன மனுசன் ருகூஉக்குக் குனிஞ்சாராம், பின்னால கிழிஞ்சிட்டாம். சுஜூதுல நெத்திய வைக்காமலே ஊட்டுக்கு ஓடி வந்திட்டார். ஒரே கழுவல்ல இப்பிடி. இது நாலாவது."

ராத்தா அந்தத் துளைகளை விரலால் தடவினாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. சில நாட்களாகவே இருமிக்கொண்டும் இருந்தாள்.

"தறியில கட்டிக் கிடக்கிற பாவு நூலையும் பாக்கிறன். அதுவும் இப்பிடி எண்டா, இனி நூல் இல்ல" என்று முதலாளி முடித்தார்.

ராத்தாவின் கைக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அவள் நெய்த சாரனென்றால் விரித்துப் பார்க்காமலே வாங்குவார்கள். அந்தப் பெயர்தான் அன்று முற்றத்தில் கிழிந்து தொங்கியது. மச்சானோ சற்றும் கூசாமல், "நூல் உளுத்தது. இல்லாட்டி இவள்ட கை சரியில்ல" என்றார். சொந்த மனைவியின் கையை ஊராருக்கு முன்னால் பழித்த அந்த வாயை அன்று நான் எப்படி விட்டுவைத்தேன் என்று இன்றும் வியக்கிறேன்.

வாதத்துக்குச் சான்று வேண்டும். ராத்தாவிடமிருந்த பிரிக்காத நூற்கட்டு ஒன்றிலிருந்தே, சிறு மரச்சட்டத்தில் கட்டி, இரண்டு துணிக் கீற்றுகள் நெய்து வாங்கினேன். ஒன்றைக் கொட்டிலுக்குள், பெற்றரிகளுக்கு மேலே தொங்கவிட்டேன். மற்றதை எங்கள் சிறுவீட்டில். பத்து நாள் கழித்து முதலாளியை அழைத்து, அவர் கண்ணெதிரே ஒரே சவர்க்காரத்தால் இரண்டையும் கழுவினேன். வீட்டுக் கீற்று முழுதாக நின்றது. கொட்டில் கீற்று என் விரல்களில் இழையிழையாகப் பிரிந்தது.

நான் பேசினேன். சல்பூரிக்கமிலத்தில் தொடங்கி, கொதிக்கும் பெற்றரியிலிருந்து அது நுண்துளிகளாக எழுவதையும், பருத்தியில் படிந்து இழையை உள்ளிருந்தே அரிப்பதையும், அதே துளிகள் ராத்தாவின் நெஞ்சுக்குள் போவதையும் படிப்படியாக நிறுவினேன். இடைவெளி விட வேண்டிய இடத்தில் விட்டேன். குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தினேன். அதுவரை நான் ஆற்றிய உரைகளில் அதற்கு நிகரானது இல்லை.

மச்சான் தாடியைச் சொறிந்தார். "பெற்றரித் தண்ணிய எடுத்து இவனே ஊத்தியிரிப்பான். கோப்பை வாங்கிறதுக்கு என்னவும் செய்வான்."

முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தேகம் அவர் முகத்தில் ஏறுவதை நான் கண்டேன். என் உரை முழுவதும் அந்த ஒரு வரியில் சரிந்துகொண்டிருந்தது.

அப்போது ராத்தா எழுந்து கொட்டிலுக்குள் போனாள். நாங்களும் வாசலில் திரண்டோம். தறியில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளின்மேல், பெற்றரிப் பக்கத்து ஓரத்தில், பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள். முப்பது நாற்பது இழைகள் ஒன்றாக அறுந்து சுருண்டன. விரலை மற்ற ஓரத்துக்கு நகர்த்தி அதே அளவு அழுத்தினாள். இழைகள் வளைந்து கொடுத்து நின்றன.

"இதுக்கு ஆரு என்னத்த ஊத்தின?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"கதைக்க வேணாம். இது என்ட ஊடு. பின்னேரத்து அஸர் பாங்கு சொல்றதுக்குள்ள எல்லாத்தையும் வெளியில எடுங்க."

அவர் எடுத்தார். எட்டுப் பெற்றரிகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து, வேலியோரம் நாலு கம்பில் ஓலை போட்டு அதன்கீழ் வைத்தார். நான் ஒரு கைகூடக் கொடுக்கவில்லை. யன்னல்களைத் திறந்தேன்; தறிமரத்தையும் நிலத்தையும் மூன்று நாள் கழுவினோம். முதலாளி ஒரேயொரு பாவுக்கு நூல் தந்தார், அதுவும் சோதனைக்கு.

அந்த நூலில் நெய்த முதற் சாரனை முதலாளியே எங்கள் கிணற்றடியில் தோய்த்தார். கல்லில் அடித்தார், பிழிந்தார், இரண்டு கையாலும் பிடித்து வெட்டி இழுத்தார். சாரன் நின்றது. வெயிலுக்கு நேரே பிடித்தார்; ஒரு புள்ளி வெளிச்சமும் வரவில்லை. சைக்கிளில் கட்டியிருந்த நூற்பொதியை அவிழ்த்துத் தறியின்மேல் போட்டார்.

"பிழையா நினைக்காத புள்ள" என்றார் ராத்தாவிடம்.

வேலியோரத்திலிருந்து மச்சானின் குரல் வந்தது: "இது நல்ல நூல். அது உளுத்த நூல்."

எட்டு வாக்கியங்களில் ஒரு மறுப்பு என் நாக்கில் தயாராக நின்றது. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"தம்பி" என்றாள் ராத்தா, பொதியைப் பிரித்தபடி. "வாயப் பொத்திட்டு இந்த நூல் தலைப்பப் புடி. பாவு ஓடணும்."

பிடித்தேன். ஆனால் அவரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.