மரியதாஸ் அண்ணை தேர்ந்தெடுத்த துவக்கு

லண்டன் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெசிந்தா அக்கா, மரியதாஸ் அண்ணையின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கூப்பிட்டால் பெரும்பாலும் சாப்பிட வரச்சொல்லித்தான் இருக்கும். "தம்பி சங்கர், இவர் போயிட்டார்," என்றார். "பூசை முடிஞ்சு வந்து கதிரையில இருந்தவர். தேத்தண்ணி கொண்டுவந்து குடுக்கிறன், மூச்சில்லை." ஒற்றைச் செருப்போடு நின்று என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். அறுபது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முந்தைய புதன்கிழமைதான் ஒரு மணி நேரம் போனில் துப்பாக்கிக்குப் போடும் கருமருந்தைப் பற்றிப் பேசித் தீர்த்திருந்தார்.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பாதிப்பேர் மரியதாஸ் அண்ணையிடம் கார் ஓட்டப் பழகியவர்கள். கோலியர்ஸ் வுட் தெருக்களில் அவருடைய சிவப்புக் காருக்குள் வியர்த்து வழிந்தவர்கள். "கண்ணாடி பாத்தனீங்களோ, இல்லாட்டிப் பாத்த மாதிரி நடிச்சனீங்களோ?" என்ற கேள்வியை வாங்காதவர் யாரும் இருக்க முடியாது. நான் அவரிடம் கார் பழகவில்லை. சர்ரே பக்கம் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில்தான் அவரைக் கண்டேன். நான் அங்கே நான்கு வருட உறுப்பினர். அவர் புதிதாகச் சேர்ந்தவர். தமிழ்க் குரல் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் நானே காட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் என்னைவிட நன்றாகச் சுட்டார்.

கிளப்புக்கு ஒரு காட்டில் மான் சுட அனுமதி உண்டு. அங்கே மான் பெருகி இளமரங்களையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. ஆண்டுதோறும் கணக்காகக் குறைத்தாக வேண்டும். அண்ணை தன் முதல் மானைத் தூரக்கண்ணாடி வைத்த புதுத் துப்பாக்கியால் சுட்டார். ஒரே வெடி, நின்ற இடத்திலேயே விழுந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "அது என்னைக் காணவே இல்லைத் தம்பி. அது எங்கையோ நிண்டது, நான் எங்கையோ கிடந்தன். கிட்டப் போக ஏலாட்டி சுடக்கூடாது." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மான் விழுந்தால் போதாதா மனுஷனுக்கு?

அடுத்த மாதம் கிளப்பில் பழைய துப்பாக்கிகளுக்கான நாள் வந்தது. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற வகை. ஒரு முறை சுட்டால் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தார் அண்ணை. "எங்கட நாட்டில இதை இடியன் எண்டு சொல்லுறது," என்றார். அப்போ உங்களுக்குப் பழக்கமா என்று கேட்டேன். "எனக்கென்ன பழக்கம்? நாங்கள் மன்னார்க் கடற்கரைச் சனம். மீனைத் தவிர ஒண்டையும் கலைச்சுப் பிடிச்சதில்லை." ஆனால் அன்றே முடிவு எடுத்துவிட்டார். இடியனோடு கிட்டப் போய் ஒரு மான். அதற்கு ஏற்ற துவக்கு (துப்பாக்கிக்கு அவர் சொல் அது) எது என்பதுதான் அடுத்த ஐந்து மாதங்களுக்கு எங்கள் இருவரின் பேச்சும் மூச்சும்.

நான் எஞ்சினியர், சும்மா இருப்பேனா? எக்செல் போட்டேன். குழலின் நீளம், எடை, உள்ளே ஓடும் முறுக்கு, விலை, எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம். அண்ணை அதை ஒரு பார்வை பார்த்தார். "நீர் உந்த எக்செல்லை மூடும். நான் துவக்கு வாங்கப் போறன், வீடு இல்லை," என்றார். ஆனாலும் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் என் போன் அடிக்கும். சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிப்பதா, சுத்தி தட்டினால் பொறி விடும் சிறு செப்புத் தொப்பியில் வெடிப்பதா? அரை அங்குல வாய் போதுமா, அதைவிடக் கொஞ்சம் பெரிதா? என் மனைவி எங்களுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று ஜெசிந்தா அக்காவிடம் புகார் சொன்னாள். அக்காவும் ஓம் என்று ஒப்புக்கொண்டாராம்.

கடைசியில் கென்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். ஹெலன் என்ற அறுபது வயதுப் பெண்மணியின் கடை. உள்ளே நுழைந்ததும் அண்ணைக்குக் கண் ஒரே இடத்தில் குத்திட்டது: சக்கிமுக்கிக் கல் வைத்த நீளமான துப்பாக்கி, பித்தளை வேலைப்பாடு, பார்த்தாலே வாய் ஊறும். எனக்கும் அதுதான் பிடித்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன. ஹெலன் அதை அவர் கையில் கொடுத்து, கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொன்னார். "இப்போது திறவுங்கள். குறிமுனை நேராக நிற்கிறதா?" இல்லை. எங்கோ இடப்பக்கம் பார்த்தது. மறுபடி, மறுபடி, அதே. பிறகு மூலையிலிருந்து குட்டையான ஒன்றை எடுத்தார். கட்டையில் கீறல், அலங்காரம் ஒன்றுமில்லை, செப்புத் தொப்பி வகை. அண்ணை கண்ணை மூடித் தோளில் வைத்தார், திறந்தார், சிரித்தார். மூன்று முறையும் நேராக நின்றது. "உங்கள் உடம்பு தேர்ந்தெடுத்துவிட்டது," என்றார் ஹெலன். மானுக்கு இவ்வளவு வலு வேண்டும் என்று இங்கே சட்டம் இருப்பதால் பெரிய வாயே நல்லது என்றும், மழை நாட்டில் கல் பொறியை நம்பிக் காட்டுக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னார். அண்ணை பித்தளைக்காரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வடிவு வேறை, அளவு வேறை," என்றவர் கீறல் விழுந்ததையே எடுத்தார்.

வாங்குவது ஒரு பாடு, அனுமதி வாங்குவது பெரும்பாடு. போலீஸ் சான்றிதழில் அதற்கென ஓர் இடம், கருமருந்து வைத்திருக்கத் தனி அனுமதி, மருந்துக்கு மரப்பெட்டி. எல்லாம் முடிந்ததும் காட்டைப் பார்த்துக்கொள்ளும் கிரகாமிடம் போனோம். அவர் அந்தத் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தார், முகம் சுளித்தார். "ஒரே நாள் தருகிறேன். ஒரு மான் காயத்தோடு ஓடினாலும், உங்கள் கிளப்பில் யாரும் இனி இந்தக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது." முப்பது பேருடைய அனுமதி எங்கள் ஒரு வெடியில் தொங்கியது.

இந்த வகைத் துப்பாக்கிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குண்டு இறக்கும்போது பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. பிப்ரவரி மாத விடியலில், காட்டு ஓரத்தில், அண்ணை மருந்தை அளந்து எடுத்த அந்த நொடியில் நான் திறந்தேன். "அண்ணே, போனை சைலண்ட்ல போட்டீங்களா?" பதற்றம், வேறென்ன. அவர் மருந்தைக் கீழே வைத்தார், போனைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு குண்டை எடுத்து இடித்தார்.

இரண்டு மணி நேரம் நடந்தும் தவழ்ந்தும் போனோம். நாற்பது அடி தூரத்தில் ஒரு பெண்மான். என் நெஞ்சு அடித்தது மானுக்கே கேட்டிருக்கும். அண்ணை குறிவைத்து விசையை இழுத்தார். செப்புத் தொப்பி மட்டும் 'டிக்' என்றது. மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் நடந்து போய்விட்டது. தாமதமாக வெடித்துவிடலாம் என்பதால் ஒரு நிமிடம் அசையாமல் காத்திருந்துவிட்டு அண்ணை கோலைக் குழலுக்குள் விட்டார். சரியாக மருந்து இருந்தால் எது வரை நிற்கும் என்று கோலில் அவரே ஒரு கோடு கீறி வைத்திருந்தார். கோடு உள்ளே போய்விட்டது. "மருந்து போடேல்லை," என்றார்.

கிரகாமின் வண்டியை நோக்கி நடந்தோம். தொப்பி ஈரமாகிவிட்டது என்று சொல்லச் சொல்லி யோசனை சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணை போய் நின்றார். "நான் மருந்து போட மறந்திட்டன். பிழை என்ரை," என்று ஆங்கிலத்தில் அப்படியே சொன்னார். என் பெயர் அதில் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு நின்றேன். கிரகாம் நாட்குறிப்பைப் புரட்டிவிட்டு, "மார்ச் கடைசி சனிக்கிழமை வாருங்கள்," என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வேறு யாரையாவது கூட்டிப் போவார் என்றே நினைத்தேன். காலை நான்கரைக்கு என் வீட்டு வாசலில் சிவப்புக் கார். காட்டு ஓரத்தில் மருந்தை எடுத்தவர் என்னைப் பக்கத்தில் இழுத்தார். "இண்டைக்கு நீர் கதைக்க வேணும். நான் ஒவ்வொண்டாச் செய்வன். 'மருந்து போட்டாச்சு' எண்டு நீர் சொன்னாத்தான் நான் குண்டைத் தொடுவன்."

"அண்ணே, அன்னிக்கு நான் பேசினதாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அதுதான் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தனான். இனி உமக்கு மறக்காது. மருந்தைப் பாரும்."

பார்த்தேன். சொன்னேன். மருந்து, துணி, குண்டு, கோலில் கோடு சரியாக வாயோடு நின்றது. அன்று முப்பது அடிக்கும் குறைவு. அவ்வளவு கிட்டப் போனோம் என்று இன்றும் யாரிடமாவது சொன்னால் என் குரல் உயர்ந்துவிடுகிறது. வெடித்தது, வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மறைத்தது, புகை விலகியபோது மான் அதே இடத்தில் விழுந்து கிடந்தது. கிரகாம் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அண்ணை மானுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மாலை கோலியர்ஸ் வுட் வீட்டில் ஜெசிந்தா அக்கா சமைத்த மான் கறியை உங்களில் பலர் சாப்பிட்டீர்கள். கதையையும் அவர் வாயால் கேட்டீர்கள். முதல் நாள் கதையில் அவர் என்னைச் சேர்க்கவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது.

ஜூனில் அவர் போனார். துவக்கு என்னிடமே இருக்கட்டும் என்று அக்கா சொன்னார். அதற்கு என் சான்றிதழில் இடம் வேண்டும். அந்தக் காட்டில் சுடலாம் என்று கிரகாம் ஒரு கடிதம் தர வேண்டும். போன வாரம் போனேன். அவர் பேனாவை எடுக்கும் முன் சொல்லிவிட்டேன்: பிப்ரவரியில் அண்ணை தானாக மறக்கவில்லை, மருந்து அளக்கும்போது நான் பேசினேன், பிறகு உங்கள் முன் ஊமையாக நின்றேன். கடிதம் கிடைக்காது என்று நினைத்தே சொன்னேன். கிரகாம் எழுதி, மடித்து, கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த முறை நீங்கள் குண்டு இறக்கும்போது நான் பேசாமல் நிற்கிறேன்," என்றார்.

துவக்கு வரும், அலமாரியில் இருக்கும். ஆனால் அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது இல்லை. பிழை என்ரை என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஒரு மூச்சை வைத்துக்கொள்கிறேன்.