மகள் நடத்திய கூட்டம்

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைப் பட்டறையில் எனக்குச் சூளை வேலை. மனைவி இறந்த பிறகு, ஆறாம் வகுப்பு போக வேண்டிய மகளை விடுதிப் பள்ளியில் சேர்க்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். யோசிக்கத் தெம்பில்லை. சேர்த்தேன்.

வீட்டில் இரண்டு கட்டில். ஒன்றில் நான் படுக்கிறேன். மனைவியின் கட்டிலில் மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். மற்றபடி மரத்துப்போய்த்தான் இருக்கிறேன். மகளைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் எப்படியோ முளைத்தது. அதைக் கேட்கத்தான் பெற்றோர் கூட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளி. கருங்கல் சுவரும் பெரிய மணியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் மணியை இப்போது அடிப்பதில்லை, பிள்ளைகளே நேரம் பார்த்து வர வேண்டுமாம். கூட்டமும் புது மாதிரி. டீச்சர் பேச மாட்டார். என்ன கற்றேன் என்று பிள்ளைதான் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டு, முட்டி இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மகள் எதிரே வந்து நின்றாள். வளர்ந்திருந்தாள். கணக்கு, அறிவியல் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னாள்:

"மொதல்ல வூட்ட நெனச்சு தெனமும் அழுதேன்ப்பா. அழாம இருக்கணும்னு டார்கெட்டு வெச்சேன். இப்ப அழறதே இல்ல. வூட்டு நெனப்பே வர்றதில்ல."

டீச்சர் கை தட்டினார். பக்கத்து மேசைக்காரர்களும் தட்டினார்கள். என் கையும் தட்டியது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"நீங்க ஏதாவது கேக்கணுங்களா?" என்றார் டீச்சர்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. மகள் முகத்தில் அத்தனை பெருமை.

"ஒன்னும் இல்லைங்க."

"அப்ப நீயும் ஒரு டார்கெட்டு சொல்லுப்பா. அப்பா அம்மாவும் சொல்லணும், அதான் ரூலு" என்றாள் மகள். அம்மா என்ற சொல் அவளுக்கு அத்தனை சாதாரணமாக வந்தது.

"ஒன்னோடதையே நானும் வெச்சிக்கிறேம்மா."

அவளுக்கு ஒரே சந்தோஷம். குனிந்து என் காதருகே சொல்லிக் கொடுத்தாள்.

"ரொம்ப ஈசிப்பா. ராத்திரி அழுவ வந்துச்சின்னா பக்கத்துக் கட்டில்ல இருக்கறவங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கணும். தானா தூக்கம் வந்துரும்."

"சரிம்மா, பேசறேன்" என்றேன்.