மாப்பிள்ளை நறுக்கிய தக்காளி

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜியும் கேசரியும்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எங்கள் அம்மா மட்டும் அதைச் சட்டமாகவே நினைத்திருந்தாள். அதனால்தான் என் சித்தியைப் பார்க்க வந்தவர்களுக்குப் பாஸ்தா கொடுத்த கதையை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது நாங்கள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு படித்தேன். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஒரு கையால் பின்னலை முடிந்துகொண்டே ஓடிப்போய் கம்பெனி பஸ்ஸில் ஏறும் அவள்தான் எனக்கு உலகத்திலேயே பெரிய ஆள். சீக்கிரம், பாகங்களைப் பூட்டும் வரிசைக்கே பொறுப்பாளான லைன் லீடர் ஆகிவிடுவாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

பாஸ்தா அவள் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த பெட்டியில் முந்திரி, பிஸ்கட்டோடு குட்டிக் குட்டிக் குழாய்களாக இரண்டு பாக்கெட் பாஸ்தாவும் இருந்தது. அம்மா அதைச் சேமியாவுக்கு அண்ணன் என்று முடிவு கட்டி, ஒரு பாக்கெட்டை நெய்யில் வறுத்து, இஞ்சி பச்சை மிளகாய் தாளித்து உப்புமா கிளறிவிட்டாள். அப்பா முதல் வாயை மென்றுகொண்டே வேலைக்குக் கிளம்பிப் போனார். மிச்சப் பாக்கெட்டைச் சித்தி காப்பாற்றினாள். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். அதிலிருந்து அவளே கடையில் வாங்கி வந்து வாராவாரம் செய்ய ஆரம்பித்தாள்.

அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு அடுப்பில் உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பாஸ்தா அதில் விழும். இன்னொரு அடுப்பில் எண்ணெய், பூண்டு, கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாய். தெருவில் லோடு ஆட்டோவில் காய் விற்பவரிடம் பொறுக்கி வாங்கிய பழுத்த தக்காளியைக் கண்மூடித் திறப்பதற்குள் பொடிப்பொடியாக நறுக்கி அதில் தள்ளுவாள். தக்காளி குழையவும் பாஸ்தா வேகவும் சரியாக இருக்கும். சோறு வடிப்பது போல வடித்து, அந்தக் கஞ்சியில் ஒரு கரண்டியைத் தக்காளியில் ஊற்றிப் பாஸ்தாவைப் போட்டுப் பிரட்டினால் எல்லாம் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். மேலே கொத்தமல்லி. பஸ் வருவதற்குள் செய்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் யாரையும் கிட்டே சேர்க்க மாட்டாள். பூண்டு உரிக்கக்கூட என்னை விட்டதில்லை.

அவள் கல்யாணப் பேச்சுதான் இழுத்துக்கொண்டே போனது. முதலில் வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வாசலில் செருப்பைப் போடும்போது, வேலையை எப்போது விடப் போகிறாள் என்று கேட்டார்கள். சித்தி இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாவது இடத்தைக் கொண்டுவந்த தரகர், இவர்கள் வேலைக்கு அனுப்புவார்கள் என்று சத்தியம் செய்தார். முன்னால் வந்தவர்களைப் பற்றியும் அவர்தான் சத்தியம் செய்திருந்தார். இதையும் தட்டிக் கழித்தால் இனிமேல் தான் இந்தப் பேச்சையே எடுக்கப் போவதில்லை என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அன்று சித்தி எனக்குத் தலை பின்னும்போது வகிட்டைக் கோணலாக எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகத்தான் ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. சாயங்காலம் அவருக்குத் திடீரென்று ஓ.டி., அதாவது ஓவர்டைம், போட்டுவிட்டதால் அவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியபிறகுதான் போன் வந்தது. வீட்டில் வாழைக்காயும் இல்லை, ரவையும் இல்லை. அம்மா அப்பாவைக் கடைக்கு விரட்டினாள். அப்பா திரும்புவதற்குள் மாப்பிள்ளையும் அவருடைய அம்மா அப்பாவும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தானே பாஸ்தா செய்துவிடுவதாகச் சித்தி சொன்னாள். அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தாள்.

"இன்னாடி, பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு அந்தக் குழாயவா குடுப்ப?"

சித்தி காதில் வாங்காமல் உலையை வைத்தாள். பிறகு பட்டுப்புடவையோடும் கையில் கத்தியோடும் கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"தக்காளி நறுக்க ஆள் இல்ல. கொஞ்சம் உள்ள வரீங்களா?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் நறுக்குகிறேன் என்று முன்னால் வந்தேன்; சித்தி என் தோளை அழுத்தி நிறுத்தினாள். தன் மகன் வீட்டில் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடித்ததில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர் கத்தியை ஸ்பேனர் மாதிரி பிடித்தார். முதல் தக்காளியே வெள்ளைச் சட்டையில் பீய்ச்சியடித்தது. எவ்வளவு சின்னதாக நறுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, உங்களுக்கு வருகிற மாதிரி நறுக்குங்கள் என்றாள் சித்தி. என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு துண்டு கட்டைவிரல் பருமன், அடுத்தது துவையல். சித்தியோ கைகட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள்.

தலையை நிமிர்த்தாமலே அவர் கேட்டார்.

"லைன்ல உக்காந்துகினு வேலையா, நின்னுகினா?"

"நின்னுகினுதான். லைன் லீடர் ஆனாலும் நின்னுகினுதான் இருப்பேன்."

அவர் கையிலிருந்த தக்காளியை நறுக்கி முடித்தார்.

"அப்ப இத நான் ஒழுங்கா கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தக்காளியை எடுத்தார்.

சித்தி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைய பாஸ்தா எனக்குப் பெரிய அவமானம். பாதித் தக்காளி வேகவில்லை, பாதி கரைந்தே போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா தோலை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். மாப்பிள்ளையின் அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளை தட்டை வழித்துவிட்டு, கறைச் சட்டையோடு ஓ.டி.க்குப் போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்த அம்மா, வீட்டு மானம் போனதைப் பற்றி ஆரம்பித்தாள். சித்தி நடுவில் நிறுத்தி, தனக்கு இவர் சரி என்றாள். அம்மா பேச்சை விட்டுவிட்டுத் தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

நான் விடவில்லை. அந்த ஆளுக்கு நறுக்கவே தெரியவில்லை என்று ஆத்திரத்தோடு சொன்னேன்.

"தெரியும்டி. பாத்துகினுதான இருந்தேன்" என்றாள் சித்தி, சிரித்துக்கொண்டே.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரியான என் சித்தி, கண்ணெதிரே தக்காளியை அந்தப் பாடு படுத்தியவரைப் பார்த்த பிறகும் இவரே போதும் என்கிறாளே, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி ஏமாந்து போனாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.