ரைட்டர் எழுதிய ஏழு பக்கம்

"பேரு? அப்பா பேரு? எந்த ஊரு?" இந்த மூன்று கேள்விகளை யார் கேட்டாலும் எனக்கு இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. ஒரே வேலையை மட்டும் பார்க்கும் சிறப்புப் பிரிவுக்குப் போகிறாயா, எல்லாம் பார்க்கும் ஸ்டேஷன் வேலையிலேயே இருக்கிறாயா என்று போன வாரம் மேலிடத்தில் கேட்டார்கள். ரைட்டர்தான் நினைவுக்கு வந்தார்.

பாப்பாரப்பட்டியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்த சின்ன போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுவது அவர் வேலை. வேறு எதையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. லத்தியைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. நானோ டிராபிக், கோர்ட், பந்தோபஸ்து என்று எல்லாவற்றிலும் கால் வைத்த கான்ஸ்டபிள். அவரைப் 'பேனா போலீஸ்' என்று கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று ஆடிப் பதினெட்டு. எல்லாரையும் ஒகேனக்கல் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷனில் நாங்கள் இருவர் மட்டும். மத்தியான வெயிலில், ரத்தம் தோய்ந்த கொடுவாளோடு ஒருவன் உள்ளே வந்தான். "தம்பிய வெட்டிட்டேனுங்க" என்றான். எல்லா வேலையும் தெரிந்தவள் என்ற தெம்பு எங்கே போனதோ, என்னால் அசையக்கூட முடியவில்லை. பயம், வெறும் பயம். ரைட்டரின் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனால் அவர் கை தானாகக் காகிதத்தை எடுத்தது. "உட்காருங்க. பேரு? அப்பா பேரு? எந்த ஊரு?"

அவன் உட்கார்ந்தான். கொடுவாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான். தம்பி பேர், வயது, தகராறு எதனால் என்று ரைட்டர் வரிசை மாறாமல் கேட்டுக்கொண்டே போனார். அந்தத் தம்பி எங்கே கிடக்கிறானோ, உயிர் இருக்கிறதோ என்றுதான் எனக்கு நினைப்பு. குறுக்கே கேட்கவும் பயம். இவன் எழுந்துவிட்டால்? ஒருவழியாகக் கேட்டார்: "சம்பவம் நடந்த இடம்?"

"எங்க வூட்டுக்குப் பின்னால மோட்டார் ரூமுங்க. உள்ளதான் கெடக்கறான். வெளிய பூட்டிட்டேன்." சாவியை மேசைமேல் வைத்தான்.

ரைட்டர் தலை நிமிராமலே சாவியை என் பக்கம் தள்ளினார். "நீங்க போங்கம்மா."

ஓடினேன். தம்பி தோள் பிளந்து கிடந்தான், மூச்சு இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான், ரைட்டரை அவனோடு தனியே விட்டுவந்தது உறைத்தது. ஸ்டேஷன் படியிலேயே நின்று காது கொடுத்தேன்.

உள்ளே அதே குரல். "உங்க தாத்தா பேரு? அவருக்கு எத்தன ஏக்கரு?" ஏழாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கொடுவாள் இன்னும் அவன் மடியில். பின்னால் போய் மணிக்கட்டை முறுக்கி வாங்கினேன். அவன் எதிர்க்கவே இல்லை. அப்புறம்தான் ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். மடங்கிய விரல்களை அவரால் நீட்ட முடியவில்லை.

"அத எப்படி வாங்கறதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நிறுத்துனா எந்திரிச்சிருவான்னு பயம். நீங்க வர்ற வரைக்கும் எழுதிட்டே இருந்தேன்."